அம்மா துவைத்த துண்டுகள் குறித்து

அனுப்புநர்:
தங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்த லாரி ஓட்டுநரின் மூத்த மகள்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியின் ஆபத்தை நோயாளியின் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லக் கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நிமோனியாவால் மூச்சுத்திணறி அனுமதிக்கப்பட்ட என் அப்பா, வாயில் குழாயுடன் அசைவின்றிக் கிடந்தார். காலில் ரத்தக்கட்டு வராமலிருக்க அவருக்கு மேற்படி ஊசி போடப்பட்டது. அது தேவையான மருந்துதான் என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். அதில் எனக்கு வழக்கில்லை. ஊசி போட்டதே எங்களுக்குத் தெரியாது என்பதுதான் என் புகார்.

2. அம்மா ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் வேலை செய்பவர். லாரியையும் அப்பாவையும் ஒரே மாதிரி தேய்த்துக் கழுவுவார் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. "ஆஸ்பத்திரித் துண்டு அவருக்கு உறுத்தும்" என்று வீட்டுத் துண்டையே கொண்டுவந்து அப்பாவின் கன்னத்தடியில் விரிப்பார். பார்வை நேரமும் செவிலியர் பணி மாறும் நேரமும் ஒன்றே. அந்தப் பரபரப்பில், அப்பாவின் ஈறில் கசிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கறைபட்ட துண்டை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்தார். குழாய் உரசியிருக்கும் என்று நினைத்தார். "சும்மா சும்மா கேட்டுத் தொந்தரவு பண்ணாதீங்கம்மா" என்று வாசல் காவலர் முதல் நாளே சொல்லியிருந்ததால், யாரிடமும் கேட்கவில்லை.

3. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து அப்பா இறந்தார். "வாயில ரத்தம் ஏதாவது வந்துச்சா? எங்க கண்ணுல படலையே" என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெளுத்து மடித்த துண்டுடன் அம்மா நின்றிருந்தார். துண்டைப் பற்றிச் சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன். ஐயா, என் நெஞ்சு இன்னும் ஆறவில்லை.

4. எங்களுக்கு இது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் வீட்டார் இருக்கிறார்கள். ஈறில் ரத்தமோ, கருத்த மலமோ, தோலில் கன்றலோ கண்டால் உடனே சொல்லுங்கள் என்று, ஊசி தொடங்கும் அன்றே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல உத்தரவிடுமாறு இறைஞ்சுகிறேன்.

5. மருத்துவர் கேட்டது அம்மாவுக்குத் தெரியாது. "கடைசி வரைக்கும் அவரைச் சுத்தமா வச்சிருந்தேன்" என்று வருவோரிடமெல்லாம் சொல்கிறார். அவருக்கு மிஞ்சிய ஆறுதல் அது ஒன்றுதான். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ஆகவே, தங்கள் பதிலை வீட்டுக்கு அனுப்பாமல், தனித்தாளில் உள்ள என் தையற்கூட முகவரிக்கு அனுப்பும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: ஜூன் 9
இடம்: தையற்கூடம், மதிய இடைவேளை

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மூத்த மகள்