தட்டில் வைத்த வாழைப்பழம்

அக்கா,

இன்று ஞாயிறு ஆராதனை முடிந்து தேத்தண்ணிக்குப் போனால், மேசையில் வாழைப்பழச் சீப்பு. அந்தக் கனிந்த வாசம் மூக்கில் ஏறியதுமே எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நீங்கள் இருந்த காலத்தில் பாடகர் குழுத் தலைவர் ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் தட்டில் ஒரு பழத்தை வைத்து, "உங்கட குரங்குகளுக்குக் கொண்டுபோங்கோ" என்பார். எங்கள் சபை கூடும் மவுண்ட் வெல்லிங்டன் மண்டபமே சிரிக்கும். நீங்கள் தோலை உரித்து நிதானமாகச் சாப்பிடுவீர்கள். எப்படி அக்கா முடிந்தது? எனக்கென்றால் தேத்தண்ணியை அந்த ஆளின் தலையில் ஊற்ற வேண்டும் போலிருக்கும்.

அவர்களுக்கு என்ன தெரியும்! இங்கே வருவதற்கு முன் ஐரோப்பாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நீங்கள் கூடு கழுவினீர்கள். அங்கிருந்த சிம்பன்சி ஒன்று, வெள்ளை அங்கியைக் கண்டதும் ஊசிக்குத் தானாகவே கம்பிக்கு வெளியே கையை நீட்டிவிடுமாம். "நல்லா ஒத்துழைக்குது எண்டு சொல்லுவினம். ஒத்துழைப்போ அது? அலுத்துப்போச்சுது பிள்ளை" என்றீர்கள். சொல்லும்போது உங்கள் கையும் நீண்டிருந்தது. மன்னாரில் உங்களைப் பிடித்து வைத்திருந்த நாட்களைப் பற்றி நீங்கள் கதைத்ததில்லை. நானும் கேட்கவில்லை.

மனிதக்குரங்குகளை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் கேட்டு, சனிக்கிழமைகளில் பக்குரங்கா பிளாசா கடைத்தொகுதி வாசலில் நாம் இருவரும் அட்டை பிடித்து நின்றோம். ஒருநாள் அதே தலைவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அங்க எங்கட சனம் சாகுது, உங்களுக்குக் குரங்கோ? இந்த நாட்டு ஆராய்ச்சிக்கூடத்தில ஒரு மனிதக்குரங்குகூட இல்லை. இல்லாததுக்கு ஏன் சட்டம்?"

"இல்லாத நேரத்திலதான் தம்பி போடோணும். கொண்டுவந்து அடைச்சாப் பிறகு ஆர் விடப்போறான்? கேள்வி இல்லாமல் பிடிச்சு வைக்கலாம் எண்ட சட்டத்துக்குள்ள இருந்து வந்தனான் நான்" என்றீர்கள்.

போன குளிர்காலத்தில் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோனது. சட்டம் இப்போதுதான் வந்திருக்கிறது. மனிதக்குரங்குகளை இனி ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த முடியாது. அவற்றின் நன்மைக்கென்றால் மட்டும் தனி அனுமதி கேட்கலாமாம். அந்த 'நன்மை' என்ற ஓட்டையைக் கண்டிருந்தால் நீங்கள் மறுபடி அட்டையைத் தூக்கியிருப்பீர்கள்.

இன்றைக்குத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சட்டத்துக்கு எங்கட சபை ஆக்களும் பாடுபட்டவை, எங்களுக்குப் பெருமை" என்றார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். வெட்கம் கெட்ட சனம்!

நான் எழுந்து போய் ஒரு பழத்தை அவர் தட்டில் வைத்தேன். "அக்கா ஒவ்வொரு கிழமையும் இதைச் சாப்பிட்டவ. இண்டைக்கு நீங்கள் சாப்பிடுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் பழத்துக்குக் கை நீட்டவுமில்லை.

உங்கள் பொறுமை எனக்கு வராது அக்கா. உங்கள் அட்டை என் கார் டிக்கியில் கிடக்கிறது. இந்தச் சட்டம் எட்டாத எங்கேயோ ஒரு கூட்டில் அந்தக் கை இன்னும் கம்பிக்கு வெளியே நீண்டபடிதான் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை உங்கள் அட்டையோடு பிளாசா வாசலில் நிற்பேன்.