மண்கோட்டையில் எந்தக் கல்

ராஸ்காமன்
நவம்பர் 1984

அன்பு மகள் அட்ராக்டாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் எழுந்து நடமாடுகிறேன், பாஸ்டனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது, அளவு சரி, நிறம்தான் பளிச்சென்று இருக்கிறது, ஞாயிறு பூசைக்குப் போட்டுக்கொண்டு போனால் ஊரே திரும்பிப் பார்க்கும், நான் என்ன கல்யாணப் பெண்ணா. இங்கே ஓயாத மழை. உன் அப்பா போன பிறகு ஒரு ஆளுக்கு மட்டும் உருளைக்கிழங்கு வேகவைக்க இன்னும் கை பழகவில்லை, மிஞ்சுவதை நாய்க்குப் போடுகிறேன், அதுவும் கொழுத்துப் போய்க் கிடக்கிறது. தபால்காரர் வராத நாளில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. தனியாக இருப்பது இப்படி இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கீழ்வயலை என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று பக்கத்துப் பண்ணை ஃபின்டனுக்கு விற்றேன் அல்லவா, அதிலிருக்கும் மண்கோட்டையை எவன் தொடப்போகிறான் என்று அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆயிரம் வருஷமாக அந்த வட்டக் கரையில் ஒரு முள்ளுக்குச்சியைக்கூட யாரும் ஒடித்ததில்லையே. போன செவ்வாய் காலையில் பார்த்தால் கோட்டை வாசலில் ஜேசிபி நிற்கிறது. உன் அப்பாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினேன். நம் ஊரில் எவனும் கோட்டைமேல் கை வைக்க வரமாட்டேன் என்றுவிட்டானாம், ஃபின்டன் எங்கோ தெற்கே கார்க் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவனைக் கூட்டி வந்திருக்கிறான். கோட்டைக்குள்ள குள்ளப் பேய்ங்க இருக்குங்கிற கதையெல்லாம் நான் நம்பறதில்ல டெலியாம்மா, டிராக்டர் திரும்ப இடம் வேணும் என்கிறான் ஃபின்டன். நம்பாத மனுஷன் கோட்டையைச் சுற்றியிருக்கும் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நிற்கிறான், உள்ளே ஒரு கால் வைக்கவில்லை!

பேய் மேல் எனக்கும் நம்பிக்கை இல்லை. நான் உன் அக்காவைப் பற்றிச் சொன்னேன். உனக்கு முன்னால் பிறந்து, ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டவளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டதையும், பொழுது சாய்ந்ததும் உன் அப்பா அவளை ஒரு பெட்டியில் வைத்துக் கோட்டைக்குள் கொண்டுபோய்ப் புதைத்து, மேலே ஒரு கல் வைத்துவிட்டு வந்ததையும் சொன்னேன். தகப்பன் மட்டும்தான் போக வேண்டும் என்பது வழக்கம், நான் கட்டிலில் கிடந்தேன். அதன் பிறகு அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, கேட்டால் உடைந்துவிடுவார் என்று நானும் கேட்கவில்லை.

ஃபின்டனுக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. எனக்குத் தெரியாதும்மா, எந்தக் கல்லுன்னு காட்டுங்க, சுத்தி நல்ல வேலியா போட்டுத் தரேன், மிச்சத்தை மட்டும் சமப்படுத்திக்கறேன் என்றான். கெட்ட பையன் இல்லை. ஆனால் அட்ராக்டா, எந்தக் கல் என்று எனக்கே தெரியாதே! உள்ளே புல்லுக்குள் எத்தனையோ சின்னக் கற்கள், ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை, எல்லாம் யார் யாரோ பெற்று, இவளைப் போலவே ஞானஸ்நானத்துக்கு முன் போன பிள்ளைகள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையை அகல வீசிக் காட்டி, எல்லாம்தான் ஃபின்டன், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் என்றேன். இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டான், ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்து மறுபடியும் வந்து கேட்பான்.

உன் அப்பா என்னிடம் சொல்லாததையும் உன்னிடம் சொல்வார். மாடு ஓட்டப் போகும்போது உன்னைத்தானே கூட்டிப்போவார். எப்போதாவது அங்கே ஒரு இடத்தில் சும்மா நின்றாரா, குனிந்து புல்லை விலக்கினாரா, நன்றாக யோசித்துப் பார்.

குளிரில் காதை மூடிக்கொள், பிள்ளைகளைச் செபம் சொல்ல வை. கன்னி மரியாள் உங்கள் எல்லோரையும் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கல் எதுவென்று தெரிந்தால் மறக்காமல் எழுது, ஆனால் எனக்கு மட்டும் எழுது. ஃபின்டன் எத்தனை தடவை கேட்டாலும் நான் சொல்லப்போவதில்லை, அவனுக்கு எல்லாக் கல்லும் என் மகள்தான். எனக்கு ஒரே ஒரு தடவை சரியான இடத்தில் முழங்கால் போட வேண்டும், அவ்வளவுதான்.

உன் அம்மா,
டெலியா