ரோகினி பேசாத இரண்டு வாரம்

16 நவம்பர் 2024, சனி

மழை. மேட்டுத் தடத்தில் லாரி ஏறாது என்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லிவிட்டார். எண்ணெய்க்கு வெட்டிய செம்பனைக் குலைகள் தடத்தோரம் நனைந்து கிடக்கின்றன. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ரோகினி வேலை முடிந்து வந்தவள், சீருடையை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்தாள். “என்னாங்க, ஒன்னு கேக்கணும்.”

ரெம்பாவ் போகும் வழியில் ஒரு பௌத்த தியான நிலையம் இருக்கிறதாம். முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்யும் மெய் லிங் சில ஞாயிறுகளில் இவளையும் அங்கே கூட்டிப்போயிருக்கிறாள். அதுவரை எனக்குத் தெரியும். இப்போது இரண்டு வாரம் அங்கேயே தங்க வேண்டுமாம். யாரோடும் பேசக் கூடாது. போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

“அங்க போயி என்னா செய்வ?”

“மூச்சைக் கவனிக்கணும்.”

“அத இங்கயே கவனிக்கலாமே.”

“இங்க முடியலங்க.”

இந்த வீட்டில் ஏன் முடியவில்லை என்று எனக்குத் தெரியாதா? எங்கள் மகள் யாழினி போய் ஒன்றரை வருடம். எட்டு வயசு. டெங்கிக் காய்ச்சல். மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். “மொத நாளே போயிருக்கணும், நான்தான் பாக்காம விட்டுட்டேன்” — இன்றுவரை இதையே சொல்கிறாள். உங்கள் தப்பு இல்லை என்று டாக்டரே சொன்னார். நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

போய் வா என்றேன்.

18 நவம்பர்

லோபாக்கிலிருந்து லெட்சுமி அக்கா போன் செய்தார். யார் சொன்னார்களோ!

“நம்ம சாமியெல்லாம் பத்தலையாடா ஒம் பொண்டாட்டிக்கு? மொட்டை அடிச்சிக்கிட்டு வந்து நிக்கப் போறா, பாத்துக்க.”

“தைப்பூசத்துக்கு நாம அடிக்காத மொட்டையாக்கா?”

போனை வைத்துவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். மொட்டையைப் பற்றி இல்லை. அங்கே மனசு அடங்கிப்போய், அங்கேயே இருந்துவிட்டால்?

30 நவம்பர், சனி

கொண்டுபோய் விட்டேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டுக் கட்டடம். எல்லாரும் வெள்ளை உடை. ரோகினி வெள்ளைச் சட்டையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

அங்கே கடைப்பிடிக்க வேண்டிய எட்டு நெறிகளை, சீலங்களை, ஏற்கும்போது நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு பிக்கு பாலியில் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பிறகு மலாயில் விளக்கினார். கொடுக்காததை எடுப்பதில்லை, பொய் இல்லை, மது இல்லை, மதியத்துக்கு மேல் சாப்பாடு இல்லை. எல்லாம் சரி. முதல் சீலம்தான் என்னை உலுக்கிவிட்டது. எந்த உயிரையும் கொல்வதில்லை. “கொசுவும் உயிர்தான்” என்றார் சிரித்த முகத்தோடு.

ரோகினி தலையைக் குனிந்து அதையும் திருப்பிச் சொன்னாள்.

கொசு! என் பிள்ளையை எது கொன்றது என்று இவருக்குத் தெரியுமா?

1 டிசம்பர்

வீடு சும்மா கிடக்கிறது.

4 டிசம்பர்

சோறு குழைந்துவிட்டது. மிளகாய்ச் சம்பல் ஊற்றிச் சாப்பிட்டேன்.

மெய் லிங் கொடுத்த சின்னப் புத்தகம் மேசையில் கிடந்தது, மலாயில். துக்கம் உண்டு. அதற்குக் காரணம் உண்டு. அது ஓயும். ஓய்வதற்கு வழி உண்டு. எதுவும் நிலையில்லை, நிலையில்லாததை இறுக்கிப் பிடிப்பதுதான் துக்கம் என்று போட்டிருக்கிறது. நிலையில்லை என்பது எனக்கா தெரியாது? அந்தச் சின்ன உடம்பைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். பிடிக்காமல் எப்படி இருப்பது? பிள்ளையை இறுக்கிப் பிடிக்காதவன் என்ன அப்பன்?

மூடி வைத்துவிட்டேன்.

8 டிசம்பர், ஞாயிறு

இன்று அங்கே தானம் கொடுப்பவர்களின் பட்டியலில் என் பெயரும் இருந்தது. மெய் லிங்தான் ஏற்பாடு. தியானம் செய்பவர்களுக்கு யாராவது தினமும் சாப்பாடு கொண்டுவந்து பரிமாறுவார்கள். சாம்பார், கத்தரிக்காய்ப் பிரட்டல், அப்பளம் எல்லாம் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்காரி பஞ்சாலையின் அடுப்பில் செய்தோம். உப்பு, புளி பார்த்தது முழுக்க அவள்தான். நான் காய் நறுக்கினேன்.

சோற்றுக் கரண்டியோடு என்னை நிறுத்தினார்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. ஒவ்வோர் அடியையும் கவனித்து வைக்கிறார்கள். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ரோகினி வந்தாள். என் கையைப் பார்த்திருப்பாள். முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கரண்டி வைத்தேன். அவள் சாப்பிடும் அளவு அவ்வளவுதான், பிள்ளை போனதிலிருந்து. ஆனால் தட்டு நகரவில்லை. இன்னொரு கரண்டி வைத்தேன். அப்புறம்தான் நகர்ந்தாள்.

அப்பளம் எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிக்குவைத் தேடிப் போனேன். என்னைவிடச் சின்ன வயது, சீனர், பகாவ் பக்கத்துக்காரர். பூச்சட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டேன். என் மகள் டெங்கியில் போனாள், அவள் அம்மாவைக் கொசு அடிக்காதே என்கிறீர்கள், இது நியாயமா?

அவர் வேலையை நிறுத்தினார். பிறகு மலாயில் மன்னிப்புக் கேட்டார். “அன்னைக்குச் சிரிச்சிக்கிட்டே சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன்.”

இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தண்ணீர் தேங்கவிடாமல் தினமும் காலையில் அவர்தான் சுற்றி வருகிறாராம். கொசு பிறக்கவே வழி இல்லாமல் செய்துவிட்டால், கொல்லவும் வேண்டாம், யாருக்கும் காய்ச்சலும் வராது. “முழுசா முடியறதில்ல. முடிஞ்ச வரைக்கும் செய்றோம்.” அப்புறம் அம்பைப் பற்றிச் சொன்னார். புத்தர் சொன்னதாம். ஒருவன் மேல் அம்பு பாய்கிறது. வலிக்கும், யாருக்கும் வலிக்கும். அதே இடத்தில் அவன் தானே இன்னோர் அம்பைக் குத்திக்கொள்கிறான். முதல் அம்பைத் தடுக்க நம்மால் முடியாது. இரண்டாவதைக் கீழே வைக்கப் பழகலாம்.

“அப்போ அழக் கூடாதா?”

“அழுங்க. அது மொத அம்பு.”

நானும் இரண்டு தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

14 டிசம்பர், சனி

கூட்டி வந்துவிட்டேன். முடி இருக்கிறது.

கடைசியில் ஒரு சடங்கு. செய்த நல்லதன் பலனை இறந்தவர்களுக்குப் பகிர்வது. சின்னக் குவளையிலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அவரவர் பெயரைச் சொன்னார்கள். ரோகினி, “யாழினி மகேந்திரன்” என்று பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரித் தெளிவாகச் சொன்னாள்.

காரில் அவளாகவே பேசினாள். மெத்தா என்று ஒரு பழக்கமாம். எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று மனசுக்குள் அன்பைப் பரப்புவது.

“மொதல்ல நமக்கே சொல்லிக்கணும்ங்க, நான் நல்லா இருக்கணும்னு. எனக்கு வரவே இல்ல. மத்தவங்களுக்கெல்லாம் சொன்னேன். மண்டோருக்குக்கூட சொன்னேன். எனக்குச் சொல்ல வாய் வரல.”

“அப்புறம்?”

“பிக்குகிட்ட எழுதிக் காட்டினேன். ஒம் பிள்ள ஒனக்கு என்னா சொல்லுவா, அத கேளுன்னாரு.” என் பக்கம் திரும்பினாள். “அம்மா நல்லா இருக்கணும்னு சொல்லுவா, இல்லங்க?”

ரந்தாவ் வருவதற்குள் காரை ஓரமாக நிறுத்தினேன். இரண்டு பேரும் அழுதோம். சேர்ந்து அழுதது இதுதான் முதல் தடவை.

22 டிசம்பர்

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இன்று காலையில் பிள்ளையின் மழைச்சட்டையைக் கண்டு ரோகினி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம். “அங்க போயி என்னாதான் கத்துக்கிட்டு வந்த?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் கோபப்படவில்லை. “வருதுங்க. இருக்குது. போவுது. முன்னல்லாம் போவாதுன்னு நெனச்சேன்லா” என்றாள். எழுந்து சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

5 ஜனவரி 2025

அக்கா வந்திருந்தார். முருகன் படத்தின் பக்கத்தில் சின்னப் புத்தர் சிலையைப் பார்த்தார். இரண்டுக்கும் பூ வைத்துவிட்டுப் போனார்.

2 பிப்ரவரி

காலையில் ரோகினியோடு உட்கார்ந்து பார்த்தேன். மூச்சு எங்கே போனதோ, குறட்டைதான் வந்ததாம். அவள் சிரித்துவிட்டாள்.

19 மார்ச், புதன்

பஞ்சாலையின் மகனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். சிரம்பானில், யாழினி இருந்த அதே வார்டில் சேர்த்துவிட்டார்கள். டெங்கிதான். புருசன் ஜொகூரில் வேலையில் இருக்கிறான். ரோகினி துணிப்பையோடு வாசலில் வந்து நின்றாள். “என்ன அங்க கொண்டுபோய் விடுங்க.”

“நீயா? அந்த வார்டுக்கா?”

“அவ தனியா இருக்கா.”

லிப்டு வரைக்கும் கூடப் போனேன். அவள் கை சில்லென்று இருந்தது. கதவு திறந்தது. என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

20 மார்ச்

வேலைக்குப் போகுமுன் பார்த்துவிட்டு வந்தேன். காய்ச்சல் இறங்கிவிட்டது. பையன் கட்டிலில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தான். பஞ்சாலை வாயில் விரலை வைத்து என்னைச் சத்தம் போடாதே என்றாள். பக்கத்து நாற்காலியில், பஞ்சாலையின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, ரோகினி தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எழுப்பவில்லை.