அணைச் சரிவில் டிராக்டர்

வல்யா புருமி,
பிப்ரவரி, மூன்றாம் வாரம்

அன்புள்ள திபேரியுவுக்கு,

இங்கே நானும் இலிங்காவும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். வியன்னாவில் நலமில்லாமல் போக என்ன இருக்கிறது? இலிங்காவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை உறையில் போட்டு அப்பாவுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று ஒரே அடம். அப்பா வந்ததும் காட்டலாம் என்று சமாதானம் சொல்லி, தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்தில் வந்துவிடுவேன் என்று நவம்பரில் சொல்லிவிட்டுப் போனாய். நீ வருவதற்குள் அந்த இடத்தில் புதுப் பல் முளைத்துவிடும் போலிருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. ராணுவ ஒப்பந்தக் கமிட்டியில் நல்ல முன்னேற்றம், கேள்வியின் வாசகத்தை இரு தரப்பும் ஒத்துக்கொண்டுவிட்டோம் என்று எழுதியிருக்கிறாய். பதிலை இல்லை, கேள்வியின் வாசகத்தை. அதைப் படித்துவிட்டு அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. இன்னும் போகவில்லை.

நடந்ததை நான் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். எங்கே தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நீ சொல்லு. அக்டோபரில் ஒப்பந்தப்படி ஹங்கேரிக்காரர்களின் விமானம் நம் வானத்தில் பறந்தது. நம்முடைய டாங்கிகளை அவர்கள் மேலிருந்து படம் பிடித்து எண்ணலாம், அவர்களுடையதை நாம் எண்ணலாம். நம் தரப்பு அதிகாரியாக நீ அதே விமானத்தில் அவர்களோடு உட்கார்ந்திருந்தாய். அவர்கள் பார்க்க வந்தது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் படைமுகாமை. போகிற வழியில், நம் ஊருக்கு மேலே, தங்க ஆலையின் கழிவுக் குளம் இருந்தது. அவ்வளவுதான்.

ஆலையின் தலைமை இஞ்சினியர் டுடோசே என்ன நினைத்தார்? ஹங்கேரிக்காரன் தன் குளத்தைப் பார்க்கத்தான் வருகிறான் என்று நினைத்தார். நம் ஓடை கடைசியில் அவர்கள் ஆற்றில்தானே போய் விழுகிறது. குளத்து அணையின் சரிவில் கசிந்து கறுத்துக் கிடந்த இடத்தை மறைக்க வேண்டுமே என்று மனிதருக்கு ஒரே பதற்றம். முகாமில் வேலை பார்க்கும் மச்சானைப் பிடித்து, டாங்கிகளை மூடும் பச்சை வலையை இரவல் வாங்கிவந்து அதன்மேல் போர்த்திவிட்டார். டாங்கி தேடி வருகிறவன் கண்ணில் டாங்கி வலையைக் காட்டிய புத்திசாலியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஹங்கேரி தரப்பு கேட்டது, வலைக்கு அடியில் என்ன என்று. நம் அமைச்சகத்தில் யாரோ ஒருவர், இங்கே ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல், விவசாயக் கருவிகள், டிராக்டர் முதலியவை என்று பதில் எழுதினார். ஆடு ஏறவே யோசிக்கிற சரிவில் டிராக்டருக்கு என்ன வேலை என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அந்த டிராக்டரைக் காப்பாற்றத்தான் நீ குளிர்காலம் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கிறாய். அங்கே இருப்பது கசிவு என்று உனக்குத் தெரியும். விமானத்திலிருந்து இறங்கி வந்த அன்றைக்கே, வலையின் ஓரத்தில் கறுப்பாக ஈரம் தெரிந்தது என்று சாப்பாட்டு மேசையில் என்னிடம் நீதானே சொன்னாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கசிவு பெரிதாகிவிட்டது. வலையின் ஓரத்தைத் தாண்டிக் கீழே சாம்பல் நிறத்தில் தண்ணீர் வழிகிறது. அணையடியில் மேய்ந்த ஆடுகளில் ஏழெட்டு செத்துப்போயின. ஊர் மாட்டு டாக்டர் என்று நான்தான் அறுத்துப் பார்த்தேன். தங்கம் பிரிக்கிற சயனைடுதான், சந்தேகமே இல்லை. இந்த வருஷம் பனி இடுப்பளவு கிடக்கிறது. அது உருகிக் குளத்தில் இறங்கினால் அணை தாங்காது. அணைக்கு நேர் கீழே பள்ளிக்கூடம், அதற்குக் கீழே நம் தெரு. உனக்கு வரைபடம் வேண்டியதில்லை.

ஆலையை நிறுத்திக் குளத்து மட்டத்தை இறக்கினால் போதும். அதற்குத் தலைநகரத்திலிருந்து உத்தரவு வேண்டுமாம். டிராக்டர் என்ற பதில் இருக்கும்வரை அது வராது, உன் அமைச்சகத்தில் சொல்லி அந்தப் பதிலைத் திருத்தச் சொல். இதைப் பிரித்துப் படிக்கிற அதிகாரி யாராக இருந்தாலும் அவருக்கும் என் வணக்கம். அவரும் சொல்லட்டும்.

கழுத்துத் துணி சுற்றாமல் வெளியே போகாதே.

உன்,
ஸ்மரந்தா


வல்யா புருமி,
மார்ச், முதல் வாரம்

அன்புள்ள திபேரியுவுக்கு,

வசந்தம் பிறந்ததென்று மார்ச் முதல் தேதி சட்டையில் குத்திக்கொள்ள நீ அனுப்பிய சிவப்பு வெள்ளை நூல் வந்து சேர்ந்தது, இரண்டு நாள் தாமதமாக. இலிங்காவின் நூலில் கோர்த்திருந்த கண்ணாடி வண்டு அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். என்னுடையதையும் சட்டையில் குத்தியிருக்கிறேன். பண்ணைக்காரர்கள் எல்லாம் டாக்டரம்மாவுக்கு வெளிநாட்டு நூல் என்று கிண்டல் செய்கிறார்கள். நன்றி. நான் கேட்ட மற்றதுதான் வரவில்லை.

பொறுமையாக இரு என்று எழுதியிருக்கிறாய். அமைச்சகம் எழுத்தில் கொடுத்த பதிலை நாமே மறுத்தால் நாட்டின் சொல்லுக்கு மதிப்பு போய்விடும், பத்து வருஷம் பேசிப் பேசி இரண்டு ராணுவமும் ஒருவரையொருவர் நம்புகிற இடத்துக்கு வந்திருக்கிறோம், அதைக் கெடுக்கக் கூடாது என்கிறாய். படித்தேன், மறுபடியும் படித்தேன். உன்னைக் குறை சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் நீ சொல்வதில் பாதி சரி. நம்பிக்கை லேசில் வரவில்லை என்பது எனக்கும் தெரியும். அந்த ஹங்கேரிக்காரர் லெஹெல் நம் வீட்டில் சாப்பிட்ட ராத்திரியை நான் மறக்கவில்லை. மூடுபனியில் விமானம் கிளம்பாமல் ஹங்கேரிக் குழு முழுவதும் மாட்டிக்கொண்டபோது, விதியில் இல்லாவிட்டாலும் அவர்களை நீ வீட்டுக்குக் கூட்டி வந்தாய். கர்னல் என்று பேர், மனிதர் முட்டைக்கோஸ் உருண்டையை மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களும் ஒருவரை ஒருவர் குறிபார்த்து நின்றவர்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அந்த லெஹெல்தான் இப்போது மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து டிராக்டரைப் பற்றிக் கேட்கிறார். அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்கிறாய் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நேற்று டுடோசேயைப் பார்க்கப் போனேன். வலையைத் தூக்கி ஒருமுறை உள்ளே பாருங்கள், மண் சேறாகிக் கிடக்கிறது என்றேன். உட்காரச் சொன்னார், பிளம் சாராயம் ஊற்றினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “டாக்டரம்மா, அங்க என்ன இருக்குன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்துடுச்சு. அரசாங்கம் டிராக்டர்னு சொன்னா எனக்கும் டிராக்டர்தான். கசிவுன்னு நான் ஒரு வார்த்தை மேல சொன்னா, அப்ப வெளிநாட்டுக்காரன்கிட்ட பொய் சொன்னது யாருன்னு கேப்பாங்க. என் தலைதான் உருளும்.”

அவர் குடிக்கவில்லை, கையில் கோப்பையை வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். பயந்துபோயிருக்கிறார். அவர் வீடும் நம் கீழ்த்தெருவில்தான் இருக்கிறது என்று நினைவுபடுத்தினேன். பெண்டாட்டி பிள்ளைகளைப் போன வாரமே மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

மேயரிடம் போனேன். அரசாங்கமே டிராக்டர் என்று சொன்ன இடத்தில் வலையைத் தூக்க எனக்கு அதிகாரம் இல்லை, படம் இருந்தால் கொண்டு வா என்றார். வலை ஓரத்து ஈரக்கறையோடு நீங்கள் விமானத்திலிருந்து எடுத்த படம் இருக்கிறது. ஒரு பிரதி உங்கள் அமைச்சகத்தில், இன்னொன்று அவர்கள் அமைச்சகத்தில். ராணுவ விஷயத்துக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், வேறு யாருக்கும் காட்ட இரு நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தம். நாம் கேட்டால் கசிவை ஒத்துக்கொண்டதாக ஆகும், அதனால் நாம் கேட்க மாட்டோம். அந்தக் கறை கசிவு என்பதே அவர்களுக்குத் தெரியாது, அதனால் அவர்களும் கேட்க மாட்டார்கள். இதை யோசித்துக் கட்டியவர்களைப் பிடித்து அந்த அணைச் சரிவில் ஒரு ராத்திரி நிற்க வைக்க வேண்டும்.

எங்கள் வேலையைப் பார். எல்லைக்கு அந்தப் பக்கத்து மாட்டு டாக்டரும் நானும் மாதம் ஒருமுறை சாவடியில் சந்திக்கிறோம். எங்கள் பக்கம் கோமாரி வந்தால் அன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுவேன். அவரும் அப்படித்தான். மாட்டுக்கு நோய் வந்ததால் எந்த நாட்டு மானமும் இதுவரை போனதில்லை.

அடுத்த கூட்டத்தில் எப்படியாவது சொல்லிவிடு. வெயில் அடிக்க ஆரம்பித்துவிட்டது, கூரைப் பனி மதியத்தில் சொட்டுகிறது.

உன்,
ஸ்மரந்தா


வல்யா புருமி,
மார்ச், ஞாயிறு மாலை

அன்புள்ள திபேரியுவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. வியன்னா பேருந்து ஓட்டுநரிடம் கையில் கொடுத்து அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டும். அதனால் கோபத்தை எல்லாம் சுருக்கிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அணைச் சரிவில் ஒரு பகுதி, வலையோடு சேர்ந்து, அப்படியே கீழே நழுவி உட்கார்ந்துவிட்டது. அணை உடையவில்லை. பள்ளிக்கூடத்து முற்றத்தில் கணுக்கால் அளவு சாம்பல் சேறு. பிள்ளைகள் அப்போது உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தொம்னிகா அவர்களைப் பின் ஜன்னல் வழியாக ஒவ்வொருவராகத் தூக்கி வெளியே விட்டாள். இலிங்காவுக்கு ஒன்றுமில்லை. ஒரு காலணி மட்டும் சேற்றில் போய்விட்டது. அதற்காக அழுதுகொண்டே வந்தாள்.

மதியத்துக்குள் டுடோசே ஆட்களை அனுப்பி, நழுவிய இடத்தின் மேல் புது வலை போட்டுவிட்டார். ஆமாம், புது வலை. நான் போய்க் கத்தினேன். ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தார்கள். அவர்களும் கீழ்த்தெருக்காரர்கள்தான், வேலை போய்விடும் என்று பயம். ஆலை இன்னும் ஓடுகிறது, குளத்தில் இன்னும் தண்ணீர் ஏறுகிறது. கீழ்த்தெருவில் பாதிப்பேர் மேலே வந்துவிட்டார்கள், பாதிப்பேர் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். முடியாமல் படுத்திருக்கிறவர்களை எங்கே தூக்கிப் போவது என்றும் தெரியவில்லை.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். நேற்று எல்லைச் சாவடியில் அந்தப் பக்கத்து மாட்டு டாக்டரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். லெஹெலின் மனைவி பிரோஷ்காவுக்கு. வலைக்கு அடியில் இருப்பது என்ன, அது உடைந்தால் எங்கள் ஓடையோடு சேர்ந்து எத்தனை நாளில் அவர்கள் மீன்களைப் போய்ச் சேரும், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படத்தை நம் சுற்றுச்சூழல் அதிகாரிகளுக்குக் காட்ட ஹங்கேரி தரப்பிலிருந்து கேட்கச் சொல்லி லெஹெலைக் கெஞ்சியிருக்கிறேன். அவர்கள் கேட்டால் நீங்கள் சரி என்று சொன்னால் போதும், படம் வெளியே வரும், உத்தரவும் வரும். கடிதம் இந்நேரம் அவர்கள் வீட்டு மேசையில் இருக்கும். லெஹெல் திங்கள் காலை ரயிலில் வியன்னா வருவார்.

திபேரியு, ராணுவ அதிகாரியின் மனைவி எல்லைக்கு அப்பால் இப்படி எழுதினால் அதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியும். உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய், நான் உன் பேச்சை மீறியதாக ஆகியிருக்கும். இப்போது உன்னைத் தப்பு சொல்ல யாருக்கும் இடமில்லை. செய்தவள் நான்.

ஆனால் செவ்வாய்க்கிழமை லெஹெல் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து உன்னைக் கேட்பார். அவர் சட்டைப்பையில் என் கையெழுத்து இருக்கும். டிராக்டர் என்று நீ சொன்னால், உன் மனைவி பொய் சொல்கிறாள் என்று அர்த்தம். கசிவு என்று சொன்னால் உன் பதவி போகும். இதில் எதையும் நான் லேசாக நினைக்கவில்லை. ராத்திரியெல்லாம் உன் முகம்தான் கண்ணில் நின்றது. உன் சீருடையை எவ்வளவு ஆசையாக நீயே தேய்த்துப் போட்டுக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாதா? கேள்வி வருவதற்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், எல்லார் முன்னாலும் நீ திகைத்துப் போய் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் பேருந்துக்காரரின் கையைக் காலைப் பிடித்து இதை அனுப்புகிறேன்.

நீ சொல்லிவிட்டால் அன்று மாலையே உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பினால், அவசரத்தில் நேராக வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டாதே. ஆலை நின்றுவிட்டதா என்று பாலத்தருகே யாரையாவது கேட்டுவிட்டு மேல்தெருவுக்கு வா. நானும் இலிங்காவும் தேவாலயத்தில், மற்றவர்களோடு தரையில் படுத்திருப்போம். உனக்கும் ஒரு போர்வை எடுத்து வைத்திருக்கிறேன்.

கடவுள் உன் நாவில் இருக்கட்டும்.

என்றும் உன்,
ஸ்மரந்தா