காலண்டர் தாளின் பின்பக்கம்

ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த கடைசித் தாள் இன்று காலை காய்ந்து தானாகக் கீழே விழுந்தது. எடுத்து முகர்ந்தேன். ஊறிய காகிதத்தின் அதே புளித்த வாடை. இந்த வாடைக்காக உன்னிடம் எத்தனை முறை சிடுசிடுத்திருப்பேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. எனக்கு இப்போதும் அழுகை வரவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டுப் பல் துலக்கப் போனேன்.

எல்லாம் என் ஜெராக்ஸ் கடையில் ஆரம்பித்தது. "இம்புட்டுப் பேப்பரையா எடைக்குப் போடுறீங்க? குடுங்க இங்கிட்டு" என்று ஒரு நாள் மூட்டையைத் தூக்கி வந்தாய். பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்துப் புதுத் தாள் செய்வதைச் செல்போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாய். பழைய மிக்ஸி ஜார் அதற்கென்றே ஒதுங்கியது. மரச்சட்டத்தில் நான் கோணலாக அடித்துத் தந்த கொசுவலையால் கூழை அள்ளி, பழைய சுங்குடிச் சேலைத் துணியில் கவிழ்த்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவைத்தாய். முதல் தாள் ஊத்தப்பம் கனத்துக்கு வந்தது. "இதுல எழுதுறதா, சட்னி வச்சுத் திங்கிறதா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு வாரம் வீட்டில் மாவே ஆட்டவில்லை நீ.

காலண்டருக்குக் கீழே ஒரு துணிப்பையை ஆணியில் மாட்டினாய். தினமும் கிழிக்கிற தாளையும் வீணாக்கக் கூடாது. "கிழிச்சா அதுலயே போட்ருங்க, கசக்காதீங்க" என்பாய். அந்தப் பழக்கம் என் கையில் ஊறிப்போனது.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு உனக்குப் பேச்சு இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவாய். பேனாவை அழுத்தக் கையில் வலு இல்லை என்று நீல ஜெல் பேனா வாங்கி வந்தேன். நீ எழுதுவாய், நான் படிப்பேன், பதில் சொல்லிவிட்டுத் தாளைப் பைக்குள் போடுவேன். பேச்சுதானே என்றுதான் நினைத்தேன். பேசியதை யாராவது எடுத்து வைப்பார்களா?

போன ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. சும்மா இருக்க முடியாமல் அந்தப் பையை எடுத்து வாளியில் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினேன். சின்னத் தாள்கள், கிழிக்க வேண்டிய வேலைகூட இல்லை. அதனால் ஒன்றையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் தண்ணீர் நீலமாக இருந்தது. ஒரு தாளை எடுத்துத் திருப்பினேன். உன் எழுத்து கரைந்து வெறும் கறையாக இருந்தது. அடியில் கிடந்த ஒன்றிரண்டில் பாதி எழுத்து மிச்சம் இருந்திருக்கலாம். நான் தேடவில்லை. அப்படியே அள்ளி ஜாரில் போட்டு அரைத்தேன். மகளிடம் தெரியாமல் நடந்தது என்று சொல்லியிருக்கிறேன். தெரிந்தும் அரைத்தேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஏன் என்று கேட்காதே. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

நேற்று அவள் சென்னையிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல், "அம்மா எழுதுனதெல்லாம் எங்கப்பா? நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள். ஜன்னலைக் காட்டினேன். வெயிலில் தாள்கள் வெளிர்நீலமாகத் தெரிந்தன. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று பார்த்தாள். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"ஞாபகம் இருக்கிறத இதுலயே எழுதிக் குடுங்கப்பா" என்றாள் கடைசியில்.

மொத்தம் பதினோரு தாள். இன்று காலை உட்கார்ந்தேன். 'கஞ்சியில் உப்பு இல்லை' என்று ஒன்றில் எழுதினேன். 'மோட்டார் ஓடுது, நிறுத்துங்க' இரண்டாவது. 'கடைக்குப் போங்க, நான் இருப்பேன்' மூன்றாவது. அதற்கு மேல் வரவில்லை. மூன்று மாதம் எழுதினாய், நாளுக்கு ஒரு தாளில் பத்து வரியாவது இருக்கும். அத்தனைக்கும் பதில் சொன்னவன் நான். மூன்றுதான் நினைவிருக்கிறது.

மகள் மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பும்போது எழுதியதை மட்டும் எடுத்துக்கொண்டாள். "மிச்சத்தை ஞாபகம் வரவர எழுதி வைங்க, அடுத்த தடவ வாங்கிக்கிறேன்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். இந்த மடலைக்கூட மீதி எட்டுத் தாளில் எழுதவில்லை, கடைத் தாளில்தான் எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் காலண்டரைக் கிழித்ததும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.