ஸ்டெல்லா ஓடவிட்ட கணக்கு

நவ. 11, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. அடையாறு சிக்னலில் முழங்கால் தண்ணீர், இன்ஸ்டிடியூட்டுக்கு லேட். ஸ்டெல்லா இன்னும் வரவில்லை. நாலு வருஷமாக ஆராய்ச்சிக்கு ஒரே அறை. எப்போதும் எனக்கு முன்னால் வந்து ஜன்னலைத் திறந்து வைத்திருப்பாள்.

கைடு கே.ஆர். சார் வந்தார். எங்கள் அறைக்கு அவர் வருவதே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டெல்லா போயிட்டாம்மா."

"எங்க சார்?"

அப்படித்தான் கேட்டேன்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். தூக்கத்திலேயே. நேற்று சாயங்காலம் என் சமோசாவில் பாதியைப் பிய்த்துத் தின்றவள்.

நவ. 12, புதன்

சாந்தோம். பூசை, அடக்கம். அவள் அம்மா என் கையை விடவில்லை. "காபி ஆறுதுடின்னு கத்திக்கிட்டே இருந்தேம்மா. எழுந்திருக்கல."

அழுகை வரவில்லை. பெட்டியின் ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து தோசை, வெங்காயச் சட்னி. எப்படி இறங்கியதோ.

நவ. 14, வெள்ளி

மழை விட்டுவிட்டது. கம்ப்யூட்டர் அறை சேகர்: "மேடம், ஸ்டெல்லா மேடம் பேர்ல ஒரு ஜாப் இன்னும் ஓடிக்கினு கீது. அக்கவுண்ட்ட மூடச் சொல்லிட்டாங்க. நிறுத்திடட்டா?"

திங்களன்று கிளம்பும் முன் அவள் கம்ப்யூட்டரில் ஓடவிட்டது. பிரபஞ்சம் பிறந்ததிலிருந்து இன்றுவரை கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் எப்படித் திரண்டது என்கிற கணக்கு. அவள் மண்ணுக்குள். அது பாட்டுக்கு ஓடுகிறது.

கே.ஆர். சாரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். "ஓடட்டும். யாராவது கேட்டா என் பேரைச் சொல்லு."

நவ. 17, திங்கள்

சாமான்களை எடுத்துப்போக ஸ்டெல்லாவின் அப்பா. ஸ்கூல் வாத்தியார். சட்டை இஸ்திரி கலையவில்லை, ஷேவ் மட்டும் செய்யவில்லை. டிபன் டப்பா, குடை, ஏ.சி.க்குப் போடும் ஸ்வெட்டர். எல்லாவற்றையும் பையில் வைத்துவிட்டு நின்றார்.

"இங்க என்னம்மா பண்ணிட்டிருந்தா? வீட்ல கேட்டா, உங்களுக்குப் புரியாதுப்பான்னு சிரிப்பா."

கணக்கு நேற்று முடிந்திருந்தது. படமாக ஓட்டிக் காட்டினேன். முதலில் வெறும் மூட்டம். அப்புறம் மெல்ல இழை இழையாக, முடிச்சு முடிச்சாக. அந்த முடிச்சுகளில்தான் கேலக்ஸி பிறக்கும் என்றேன்.

"இத அவ பாத்தாளா?"

"இல்ல அங்கிள். நேத்துதான் முடிஞ்சுது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்லேருந்து போடும்மா."