தகரக் கோபுரம்

பிப்ரவரி 9, 1988

தூக்கம் வரவில்லை. எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், நீதிமன்ற மணிக்கோபுரத்தை இடிக்கப் போகிறார்களாம். பொறியாளர் ஸ்ட்ரூப்பின் அறிக்கை செய்தித்தாளில் வந்திருக்கிறது: "நூறாண்டுக் கல், அதன் பாரத்தைச் செங்கல் சுவர்கள் இனித் தாங்கா."

கல்லா! தூண்கள், விளிம்பு வேலைப்பாடு, எல்லாமே மரச்சட்டத்தில் அடித்த இரும்புத் தகரம். ஈரப் பெயின்ட்டில் மணலை வீசிக் கல்லாகக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கவுண்டிகளுக்கு ஆசை பெரிது, கஜானா சிறிது. நான் ஏறித் தட்டிப் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரூப் தெருவில் நின்றே எழுதியிருப்பான். கல்லூரியிலும் என் வரைபடத்தைப் பார்த்துப் போட்டவன்தானே.

பிப்ரவரி 10

சொல்ல மாட்டேன். கோபுரத்துக்கு நான் போட்ட புதுப்பிப்புத் திட்டத்தைக் குப்பையில் போட்டது இந்தக் கவுண்டி சபைதானே. இடியட்டும்.

பிப்ரவரி 13

காரை எடுத்தால் நீதிமன்றச் சதுக்கத்துக்கே போகிறது. ஏன்?

மர்லிஸ் சிரிக்கிறாள். "என்னைக் கட்டினதுக்கு அந்தக் கோபுரத்தையே கட்டியிருக்கலாம் நீங்க." ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சோளக்கதிர் வடிவக் காந்தத்தை என் கோட்டுப் பையில் போட்டாள். "சபைக் கூட்டத்துக்குப் போங்க. பேசினா சண்டை போடுவீங்க. யாரையாவது மேல கூட்டிட்டுப் போய் இதை ஒட்டிக் காட்டுங்க."

பிப்ரவரி 16

போனேன். பேச ஆளுக்கு மூன்று நிமிடம். நேரம் முடிந்தால் அடிக்க, மேசையில் சமையலறை மணி ஒன்று.

என் திட்டத்தை யார் நிராகரித்தது, யார் சிரித்தது, அதிலிருந்து ஆரம்பித்தேன். மணி அடித்துவிட்டது. தகரம் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை.

"டைம் முடிஞ்சுது வாரன்," என்றார் சபைத் தலைவர் டெக்கர். "பழைய பாட்டை அடுத்த மாசம் வந்து பாடு." மண்டபமே சிரித்தது. அடுத்த வாரம் வாக்கெடுப்பு.

ஏன்டா வாரன், வாயைத் தொறந்தா இதுதானா வரும் உனக்கு?

வெளியே ஸ்ட்ரூப் என் கார்க் கண்ணாடியைத் தட்டினான். "டேய், என்னமோ சொல்ல வந்தே, கோபத்துல விட்டுட்டே. என்னடா அது?"

சொன்னால் பெயர் அவனுக்கு. சொல்லாவிட்டால் கோபுரம் இல்லை. அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை — காந்தத்தை அவன் கையில் வைத்தேன். "மேல ஏறி, கல்லுன்னு எழுதினியே, அதுல ஒட்டிப் பாரு."

பிப்ரவரி 24

இடிக்கவில்லை. முதல் பக்கத்தில் ஸ்ட்ரூப்பின் படம், கோபுரம் கல்லில்லை, லேசான தகரம் என்பது அவனுடைய 'கண்டுபிடிப்பாம்'. என் பெயர் எங்கும் இல்லை. அந்தத் தாளால்தான் இன்று அடுப்பு மூட்டினேன்.

ஜூன் 2

சதுக்கத்தில் சாரம் கட்டியிருக்கிறார்கள். ஈரப் பெயின்ட்டில் மணல் வீசுகிறார்கள், அன்று வீசியதைப் போலவே.

மேலேயிருந்து ஒருவன் கத்தினான்: "இங்க ஒரு சோளக்கதிர் ஒட்டிக்கிட்டிருக்கு! யாரோடது? பிடுங்கிப் போடவா?"

"வேண்டாம்," என்று கத்தினேன். "அதுமேலயே பெயின்ட் அடி."